வட்டியில்லாததைக் கடைசியில் வை

காலை ஆறு மணி பதினேழு நிமிடம். கைத்தொலைபேசித் திரையில் நான் முதலில் பார்த்தது என் கணவரின் சட்டையை. நீலக் கோடு போட்ட சட்டை. இடது கை மணிக்கட்டில் பொத்தான் இல்லை. சட்டை ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்குக் கீழே ஒரு வாகனச் சக்கரம் படுத்துக் கிடந்தது. சக்கரத்தின் மேல் கறிவேப்பிலைச் சாடி.

படத்தை எடுத்தவர் இவற்றை எடுக்க நினைக்கவில்லை. அவர் எடுத்தது யன்னல் விளிம்பில் விரித்து வைத்த ஒரு கடிதத்தையும் அதன்மேல் கிடந்த, நகையை அடகு வைத்ததற்கான அடைவுத் துண்டையும். துண்டில் பெயர் இருக்கும் இடத்தைப் பெருவிரலால் மறைத்திருந்தார். எண்ணை மறைக்க மறந்திருந்தார். யன்னல் கம்பிகளுக்கு அப்பால், சற்று மேலே, சிறிதாகத் தெரிந்தது எங்கள் வீட்டு பல்கனி.

எழுந்து போய்ப் பார்த்தேன். சட்டை அங்கேதான் தொங்கியது. மீன் மணம் போகட்டும் என்று இரவு முழுவதும் வெளியில் விடுவோம். படத்தில் இருந்த மடிப்பு சட்டையிலும் இருந்தது. இடையில் உள்ள ஒடுங்கிய ஒழுங்கைக்கு எதிர்ப்புறம், ஒரு மாடி கீழே, ஒரே ஒரு யன்னல்தான் இந்தக் கோணத்தில் எங்களைப் பார்க்கும். அந்த யன்னலுக்குள் இடியப்பம் அவியும் நீராவி தெரிந்தது.

கடிதப் படத்தின் கீழே அவர் எழுதியிருந்தது இரண்டே வரி. "சங்கிலிக்கு ஏலக் கடிதம் வந்துவிட்டது. இந்த மாதமும் நான் ஒரு படியும் இறங்கவில்லை."

இதை விளங்கிக்கொள்ள, அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது கடன்பட்ட பெண்களுக்கான முகநூல் குழு. வெளியாட்களுக்குத் தெரியாது, உள்ளே இருக்கும் ஒருத்தி சேர்த்தால்தான் சேரலாம். என்னைச் சேர்த்தவர், நான் அச்சுப்பிழை திருத்தும் பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரப் பகுதியில் இருந்து பிறகு வெளிநாடு போனவர். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. சமையலறையில் இருக்கும் ஒரு பொருளின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். குழுவை நடத்துபவரின் பெயர் அம்மி. நான் அரிதட்டு. சங்கிலிக்காரி, மூடியில்லாச் சட்டி.

அம்மி வைத்த விதிகள் கண்டிப்பானவை. ஊரை எழுதக்கூடாது. முகம் காட்டக்கூடாது. பேச்சுத் தமிழில் எழுதினால் எந்தப் பகுதி ஆள் என்று தெரிந்துவிடும், ஆகவே பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் எழுத வேண்டும். ஒருவரிடம் ஒருவர் காசு கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. முதல் நாளே முழுக் கடனையும், கணவனுக்குத் தெரியாததையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். ஐயாயிரம் ரூபாய் ஒரு படி. வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரம் எத்தனை படி இறங்கினோம் என்று எழுதுவோம். மற்றவர்கள் அதன் கீழே "இறங்கு" என்று எழுதுவார்கள். வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை.

கடைசி விதி இது: யாரையாவது இன்னார் என்று அறிந்துகொண்டால், அறியாதவர்போல் இருக்க வேண்டும்.

நான் சேர்ந்தபோது இருநூற்று இருபத்தைந்தாம் படியில் நின்றேன். பதினொரு இலட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய். கணவர் பள்ளிக்கூட வான் ஓட்டியவர். வானை லீசிங்கில் எடுத்திருந்தோம். பெற்றோல் வரிசை காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, வான் ஓடவில்லை, தவணை மட்டும் ஓடியது. வானை இழுத்துக்கொண்டு போன பிறகும் நாலு இலட்சத்துப் பத்தாயிரம் மிச்சம் என்று கடிதம் வந்தது. வானை இழுத்த அன்று உதிரிச் சக்கரம் டயர் கடையில் ஒட்டுப் போடக் கிடந்தது. அதனால் அது தப்பியது. இவர் அதை உருட்டிக்கொண்டு வந்து, மூன்று மாடி தூக்கி, பல்கனியில் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதே காலத்தில் பத்திரிகைக்குக் கடதாசி கிடைக்காமல் பக்கங்களைக் குறைத்தார்கள். பக்கம் குறைந்தால் மெய்ப்புப் பார்ப்பவருக்கு வேலை குறையும். எனக்கு அரை நாள், அரைச் சம்பளம். கடனட்டையில் இரண்டு இலட்சத்துப் பதினையாயிரம். தாலிக்கொடியை அடைவு வைத்தது மூன்று இலட்சத்து எண்பதாயிரத்துக்கு. கடைசியில் ஒரு சீட்டு, ஒரு இலட்சத்து இருபதாயிரம்.

சீட்டை நடத்தியவர் எதிர்வீட்டு அக்கா. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, சின்ன வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்து, பிறகு சொந்தமாக இடியப்பம் அவித்து வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் வீடு வீடாகக் கொடுப்பவர். புருசன் இல்லை. பன்னிரண்டு பெண்கள், மாதம் இருபதாயிரம். ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி பால்மா டின்னுக்குள் பெயர்களைப் போட்டுக் குலுக்கி, பெயர் விழுந்தவருக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். சீட்டுப் பிடிப்பவருக்கு முதல் மாதக் காசு. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு பொறுப்பு: யாராவது கட்டாமல் விட்டால் அவர் தன் கையால் போட வேண்டும். இதை எங்கும் எழுதி வைப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மூன்றாம் மாதம் விழுந்தது. ஆறாம் மாதம் வரை கட்டினேன். அதற்குப் பிறகு கட்டவில்லை. நான் மட்டும் அல்ல. அந்த வருசம் நாலு பேர் நின்றோம்.

அக்கா வந்து கேட்கவில்லை. அதுவரை விடியற்காலை ஒழுங்கையில் நின்று "தங்கச்சி, பை" என்று குரல் கொடுப்பார். நான் பல்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய பையை இறக்குவேன். இருபது இடியப்பம், ஒரு பொதி சம்பல். சீட்டுக் காசும் அதே பையில்தான் இறங்கும். காசு நின்ற மாதத்தில் பையையும் நிறுத்தினேன். பதிலுக்குக் கடையில் பாண் ரொட்டி வாங்கத் தொடங்கினோம். அக்கா இரண்டு நாள் குரல் கொடுத்தார். மூன்றாம் நாள் கொடுக்கவில்லை. கயிறு மட்டும் பல்கனிக் கம்பியில் கட்டியபடி கிடந்தது. நான் காலி வீதிக்குப் போகும்போது ஒழுங்கையின் மற்ற முனையால் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். நாலு நிமிடம் கூடுதல்.

குழுவில் என் கடன்களை எழுதியபோது, எதை முதலில் கட்டுவது என்று கேட்டேன். அட்டை என்றார்கள் எல்லோரும், வட்டி கூடியது என்பதால். அடுத்தது லீசிங். அடுத்தது தாலி. சீட்டைப் பற்றி நான் எழுதியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: "வட்டி இல்லாத கடன். சீட்டுப் பிடிப்பவர் நல்லவர். இதுவரை வாய் திறந்து கேட்டதில்லை."

முதலில் பதில் எழுதியவர் மூடியில்லாச் சட்டி. "வட்டி இல்லாததைக் கடைசியில் வையுங்கள். கேட்காதவர் காத்திருப்பார்."

அன்று அதன் கீழே முப்பது பேராவது ஆமோதித்திருப்பார்கள்.

சில மாதம் கழித்து அவர் தன் கதையை எழுதினார். ஒரு பொறுப்பை ஏற்றதாகவும், மற்றவர்கள் தவறியபோது தன் சங்கிலியை வைத்துக் கட்டியதாகவும், அதுவும் போதாமல் இன்னும் ஒருவருக்குப் பாதிக் காசு கொடுக்க வேண்டியிருப்பதாகவும். சீட்டு என்ற சொல் அதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "தவறியவர்கள் வெட்கமில்லாதவர்கள். வீட்டு வாசலில் போய் நின்று கேளுங்கள்" என்று எழுதினேன்.

அவர் எழுதினார்: "வெட்கம் இருப்பதால்தான் கண்ணில் படாமல் போகிறார்கள்."

வருசக்கணக்காக மற்றவர்களின் பிழையைத் தேடிச் சம்பளம் வாங்கியவள் நான். இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று காலை பத்து மணிக்குக் கணவர் வந்தார். வான் போன பிறகு அவர் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து உணவுக் கடைகளுக்கு மீன் ஏற்றும் லொறி ஓட்டுகிறார். வந்ததும் சட்டையைக் கழற்றிப் பல்கனியில் போடுவார்; காய்ந்ததைப் போட்டுக்கொள்வார். நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார்.

"என்ன, அது ஓடுதா?"

"சீட்டுக் காசைக் குடுக்கப் போறன்" என்றேன்.

"எந்தச் சீட்டு?"

"எதிர்வீட்டு அக்காவின்ர."

அவர் குவளையில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். "உங்கட சட்டி பானைச் சங்கம் சொல்லீட்டுதோ?"

"இல்லை. அவையள் அதைக் கடைசியில வைக்கச் சொன்னவை."

"பிறகென்ன? கையில இருக்கிறது ஒண்டரை இலட்சம். இருபத்தெட்டாம் திகதி தாலி வட்டி. கட்டாட்டி ஏலத்துக்குப் போடுவான். அது உமக்கு என்னைவிட நல்லாத் தெரியும், அந்தப் பக்கத்தைப் பாக்கிறதே நீர்தானே."

அது உண்மை. அடைவுக் கடைகளும் வங்கிகளும் மீட்காத நகைகளின் எண்களைப் பத்திரிகையில் போடுவார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும், சிறிய எழுத்தில், பத்தி பத்தியாக. ஒரு எண் மாறினாலும் வழக்கு வரும் என்று அந்தப் பக்கத்தை அனுபவம் உள்ள ஆளிடம்தான் கொடுப்பார்கள். அரை நாள் வேலையில் எனக்கு மிஞ்சியது அந்தப் பக்கம்.

"வட்டி ஐம்பத்தேழாயிரம்" என்றேன். "சீட்டுக்குக் குடுத்தா முப்பது மிஞ்சும். இருபத்தேழுதான் குறையுது."

"இருபத்தேழு*தான்*." அவர் சிரித்தார். சிரிப்பு நல்லதாக இல்லை. "தாலியை ஏலத்தில விட்டிட்டுச் சீட்டுக் கட்டுற பொம்பிளையை நான் இப்பதான் காணுறன். அந்த மனுசி கேட்டவவா?"

"கேக்கேல்லை."

"கேக்காத ஆளுக்கு ஏன் இப்ப அவசரம்?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டியிருந்தால் தன் சட்டையை அவரே அடையாளம் கண்டிருப்பார். நான் காட்டவில்லை. விதி என்பது ஒரு காரணம். இன்னொன்று, படத்தைக் காட்டினால் அந்தப் பழைய பதிவையும், வெட்கமில்லாதவர்கள் என்று நான் எழுதியதையும் காட்ட வேண்டி வரும்.

"ஒண்டரை வருசம் ஒழுங்கையச் சுத்திப் போறன்" என்றேன். "கால் நோகுது."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் அலுவலகத்தில் ஏலப் பட்டியலின் முதல் மெய்ப்பு மேசையில் இருந்தது. ஒவ்வொரு ஏலத்துக்கும் பட்டியல் இரண்டு முறை வரும். முதல் தடவை எல்லா எண்களும் வரும். அதைப் பார்த்து சிலர் ஓடிப்போய் வட்டியைக் கட்டிவிடுவார்கள். அந்த எண்களை நீக்கி அடுத்த வாரம் இறுதிப் பட்டியல் வரும். காலையில் படத்தில் பார்த்த எண்ணை நான் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை. அதே எண் மூன்றாம் பத்தியில் இருந்தது.

கணக்குப் போட்டேன். அவர் எழுதிய தொகைக்கு ஒரு வருச வட்டி ஒரு இலட்சத்துக்கு உள்ளேதான் வரும். நான் கொடுக்கும் காசு வட்டியைக் கட்டிச் சங்கிலியை இன்னொரு வருசம் காப்பாற்றப் போதும். மிச்சமும் இருக்கும். இறுதிப் பட்டியலில் எண் இருக்காது. அவர் யாரென்று எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவேண்டிய தேவை இல்லை. விதியும் உடையாது.

இது எனக்குச் சரியான கணக்காகத் தெரிந்தது.

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குப் போனேன். மாவு வறுக்கும் நேரம். கதவு திறந்திருந்தது. அக்கா அடுப்பிலிருந்த தாச்சிக்கு முன்னால் நின்றார், கைகள் முழங்கை வரை வெள்ளை. பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மாவு காய்ந்து கோடாக இருந்தது. படத்திலும் அந்தக் கோடு இருந்திருக்க வேண்டும். நான் பின்னணியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"அட, வாங்க தங்கச்சி" என்றார், நேற்றுத்தான் பார்த்தவர்போல. "உக்காருங்க. அந்தக் கதிரையில வேணாம், கால் ஆடும். இதுல."

கழுத்தில் கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது. யன்னல் விளிம்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் சக்கரம் நன்றாகவே தெரிந்தது.

காசை உறையோடு நீட்டினேன். "அக்கா, ஒரு இலட்சத்து இருவது. எண்ணிப் பாருங்கோ. இவ்வளவு காலம் பிந்திப்போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்னாங்க, மன்னிப்பெல்லாம் கேட்டுக்கிட்டு." மாவுக் கையைப் பார்த்தார், சேலைத் தலைப்பில் துடைத்தார், உறையை வாங்கவில்லை. "மொத்தமாவா?"

"மொத்தமா."

"உங்களுக்கு அங்க கஷ்டமா இல்லையா? வான் போயிருச்சுன்னு சொன்னாங்களே."

"சமாளிக்கலாம்."

"உண்மைய சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டு குடுக்குறீங்களா? யாராச்சும் ஏதும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா."

வாங்கினார். எண்ணவில்லை. அடுப்பைக் குறைத்தார். மேல் தட்டிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். அழைப்பது யாரை என்று நான் யோசிப்பதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"புள்ள, நான்தான். நாளைக்கு வேலை முடிஞ்சி வர்றியா, இல்ல நான் கொட்டாஞ்சேனைக்கு வரவா? ... ஆமா, ஆமா. முழுசா இருக்கு. ... ஒரு இலட்சத்து இருவது, ஒஞ் சீட்டுல மிச்சம். ... அட அழாத, எதுக்கு அழுவுற. ஒரு வருசம் பொறுத்தவ, ஒரு நாள் பொறுக்க மாட்டியா. ... சரி, நானே வர்றேன். பஸ்ஸுல காசோட நீ வராத."

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடைசிச் சீட்டு அவளுக்கு. கார்மெண்ட்ல வேலை. பாதிதான் குடுக்க முடிஞ்சிச்சு. ஒரு நாள் கூட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாலாவது பரவாயில்ல, கேக்காம இருக்குறவங்க மூஞ்சியத்தான் பாக்க முடியாது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அக்கா, அவசரப்படாதேங்கோ. இந்தக் காசில முதல் உங்கட தேவையைப் பாருங்கோ. பிறகு ஆறுதலா அவவுக்கு—"

"எனக்கு என்னா தேவ?"

யன்னல் விளிம்பைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி என்ற சொல் வாய்வரை வந்தது. அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டேன் என்று அவர் கேட்பார். கேட்டால் நான் அரிதட்டு. காத்திருக்கட்டும் என்று அவர் கை காட்டியது தன்னைத்தான் என்றும், வெட்கமில்லாதவள் என்று நான் எழுதியது என்னைத்தான் என்றும் அந்த அறையில் அந்த நிமிடமே இருவருக்கும் தெரிந்துவிடும்.

"வாடகை கீடகை" என்றேன்.

"அது இடியப்பம் குடுத்துரும்." அவர் அடுப்பைத் திரும்பக் கூட்டினார். "சீட்டுப் புடிச்சவ கையில காசு தங்கக்கூடாது, தங்கச்சி. தங்கிச்சின்னா அடுத்த சீட்டுக்கு ஒருத்தி வரமாட்டா. டீ போடவா?"

தேநீர் குடித்தேன். சீனி கூடுதல். வெளியே வந்து, சுற்றிப் போகாமல் ஒழுங்கையை நேரே கடந்து வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் பல்கனியில் சாடி நிலத்தில் இருந்தது. சக்கரம் இல்லை. அது கிடந்த இடம் மட்டும் வட்டமாக, தூசி இல்லாமல் இருந்தது. கணவர் தரையில் இருந்து காசை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டயர் கடைக்காரன் பதினெட்டுக்கு எடுத்தான். ரிம்மோட" என்றார். "மற்ற ஒம்பதையும் மீன் முதலாளி முற்பணமாத் தந்திட்டான். சம்பளத்தில வெட்டுவான்."

"வானில்லாமல் சக்கரத்தை வைச்சு என்ன செய்யுறதெண்டுதான் நானும் யோசிச்சனான்."

"யோசிச்சும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தது."

அவர் காசை ரப்பர் வளையத்தில் போட்டு என்னிடம் எறிந்தார். "இந்தாரும். கேக்காத ஆக்களுக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டீரோ? இனிக் கேக்கிறவனுக்குக் குடும்."

இருபத்தேழாம் திகதி நான் அடைவுக் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் பெண் என் துண்டைப் பார்த்துவிட்டு, "பொலிய விதரத, மிஸ்?" என்று கேட்டாள். வட்டி மட்டுமா என்று, சிங்களத்தில். "ஒவ்", ஆம், என்றேன். அவள் பின்னால் திரும்பி, தாலிக்கொடி இருந்த உறையை எடுத்து, எண்ணைச் சரிபார்த்து, திரும்ப வைத்தாள். உறையைத் திறக்கவில்லை. திறக்கவேண்டிய அவசியமும் இல்லை. கொடிக்குப் பதிலாகக் கட்டியிருந்த மஞ்சள் கயிறு சட்டைக்குள் இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இதற்கிடையில் இரண்டு காரியம் நடந்தது.

ஒன்று, காசு கொடுத்ததற்கு மறுநாள் விடியற்காலை ஒழுங்கையிலிருந்து "தங்கச்சி, பை" என்று குரல் கேட்டது. கயிறு வெயிலில் காய்ந்து முறுகியிருந்தது. பையைக் கட்டி இறக்கினேன். மேலே வந்தபோது இருபது இடியப்பத்துக்கு இருபத்தைந்து இருந்தது; சம்பல் இரண்டு பொதி. கணவர் லொறிக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து பார்த்தாள்.

"அம்மா, கடனா, காசுக்கா?"

"காசுக்கு."

"அப்ப ரெண்டு சம்பலையும் திறக்கலாம்" என்றாள்.

மற்றது, அந்த வெள்ளிக்கிழமை. அரிதட்டு இருபத்து நாலு படி இறங்கினாள் என்று எழுதினேன். தொண்ணூற்றேழு படி ஏற்கெனவே இறங்கியிருந்தேன். மொத்தம் நூற்று இருபத்தொன்று. பாதி தாண்டிவிட்டாய் என்று அம்மியே எழுதினார். அவர் அப்படி எழுதுவது குறைவு. ஒரு மணி நேரம் கழித்து மூடியில்லாச் சட்டி எழுதினார்: "எனக்கும் இந்த வாரம் இருபத்து நாலு படி. ஒருவர் தேடி வந்து தந்தார். நான் கொடுக்க வேண்டியவருக்குக் கொடுத்து முடித்தேன். மற்றவர்களுடைய காசு இனி என்னிடம் ஒரு ரூபாயும் இல்லை."

ஒரே வாரத்தில் ஒரே தொகை, ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. வரிசையாக "இறங்கு", "இறங்கு" என்று வந்துகொண்டிருந்தது. உடைந்த அகப்பை என்ற பெயரில் ஒருவர், "சங்கிலி?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் இல்லை. நானும் "இறங்கு" என்று எழுதினேன். எழுதியதை அழித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

அன்று நான் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தது ஒரு விடயத்தைத்தான். சீட்டின் விதி எனக்குத் தெரிந்திருந்தது. கட்டாதவருக்காகப் பிடித்தவர் போட வேண்டும். பிடித்தவர் கடைசியில் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். அது தெரிந்துதானே ஒன்றரை வருசம் கட்டாமல் இருந்தேன். காசைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று மட்டும் அதை மறந்து, அது அவருடைய காசு என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

என்னிடம் அப்போது மிச்சம் முப்பதாயிரம் இருந்தது, தாலி வட்டிக்கு வைத்தது. கணவர் கொண்டுவந்த இருபத்தேழும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத் திரும்ப அந்த மாடிப்படியில் ஏறியிருக்கலாம். இது உங்கள் சங்கிலிக்கு என்று சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை முழுவதும் அந்தக் காசு அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. ஞாயிறும் இருந்தது. இருபத்தேழாம் திகதி நான் அதை எங்கே கொண்டுபோனேன் என்று மேலே எழுதிவிட்டேன்.

இறுதிப் பட்டியல் அதற்கு அடுத்த நாள் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேசைக்கு வந்தது. மூன்றரைக்குள் பார்த்துக் கொடுக்க வேண்டும். வழக்கம்போல மேலிருந்து கீழாக, அளவுகோலை வரிக்கு வரி நகர்த்திப் பார்த்தேன். முதல் பத்தியில் இரண்டு எண்கள் தலைகீழாக அச்சாகியிருந்தன, வட்டமிட்டேன். இரண்டாம் பத்தியில் ஓர் எண் இருமுறை வந்திருந்தது, ஒன்றை வெட்டினேன். முந்தைய பட்டியலில் இருந்து ஒன்பது எண்கள் நீக்கப்பட்டிருந்தன.

அந்த எண் மூன்றாம் பத்தியில், பதினான்காம் வரியில் இருந்தது. மூலப் பிரதியோடு ஒப்பிட்டேன். பிழை இல்லை.